மூன்றாவது நகல்

அம்மாவின் ஆள்காட்டி விரலில் இருந்த நீலக் கறை சோப்புக்கும் போகவில்லை, எண்ணெய்க்கும் போகவில்லை. மகள் ஈரத்துணியை மறுபடியும் நனைத்துப் பிழிந்தாள். காலை ஏழு மணிக்கு உயிர் போயிருந்தது. மருத்துவர் வந்து பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இருபத்தைந்து வருடம் கார்பன் தாளைத் தொட்ட விரல், இரண்டு மணி நேரத்தில் வெளுத்துவிடுமா என்ன?

"விடும்மா. கறை இல்லாமப் போனா அக்காவை எங்களுக்கே அடையாளம் தெரியாது," என்றாள் முட்டைக்காரி. தெருத்தெருவாக முட்டை விற்கிறவள். செய்தி கேட்டதும் கூடையை யார் வீட்டிலோ இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள். அழுது முடித்துவிட்டுப் பாத்திரம் விளக்கப் போனாள்.

அம்மா அரசு அலுவலகத்து வாசலில், தகரக் கூரைக்குக் கீழே மடக்கு மேசை போட்டு மனு எழுதிக் கொடுத்தவள். அவளிடம் வந்த பெண்களில் பாதிப் பேர் போரில் கணவனைப் பறிகொடுத்தவர்கள். மீதிப் பேர் பாடு அதைவிட மோசம், பறிகொடுத்தோமா இல்லையா என்றே தெரியாதவர்கள். அம்மாவும் அந்த இரண்டாவது கூட்டம்தான். அப்பாவை ஒரு பட்டப்பகலில் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான் தெரியும். சண்டை ஓய்ந்தபின் வீட்டைத் திரும்பக் கேட்டுப் போனபோது, குடும்பத் தலைவரைக் கூட்டி வா, இல்லாவிட்டால் அவர் செத்ததற்குச் சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போனவர்களிடம் இரண்டில் ஒன்றை நீங்களே கேட்டு வாங்கித் தாருங்கள் என்று சொல்லிவிட்டு, அம்மா அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் மனுவை எழுதினாள், பக்கத்தில் நின்றவளின் மனுவை எழுதினாள், அதுவே தொழிலாகிப் போனது.

ஒரு மனுவுக்கு மூன்று தாள். நடுவே கார்பன் வைத்து, பேனாவை அழுத்தி எழுதுவாள். முதல் தாள் அலுவலகத்துக்கு, இரண்டாவது அவளுக்கு, மூன்றாவது வந்தவளுக்கு. அந்த மூன்றாவதைக் கையில் கொடுக்கும்போது எல்லாரிடமும் ஒரே வசனம்தான்: "ஆபீஸ் தொலைக்கும், அது அவங்க வழக்கம். நீ தொலைச்சிடாதே." கார்பன் அக்கா என்று பெயர் வந்தது சும்மா இல்லை.

பத்து மணிக்குச் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. அண்ணியின் காலடியில் கொஞ்ச நேரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு மணிக்கு அடக்கம் என்றால் அதற்குள் மரணத்தைப் பதிவுசெய்து அனுமதி வாங்க வேண்டும், படிவத்தில் குடும்பத் தலைவர் கையொப்பம் கேட்பார்கள், அதைத் தானே போட்டுவிடுவதாகச் சொன்னார். சட்டைப் பையில் பேனா தயாராக இருந்தது.

மகள் அந்தப் பேனாவைப் பார்த்தாள். அந்த இடத்தில் யார் கையெழுத்தோ, வீட்டுப் பதிவேட்டிலும் அம்மாவின் பெயரை அடித்துவிட்டு அந்தப் பெயரைத்தான் எழுதுவார்கள். ஒருமுறை ஏறிவிட்டால் இறக்குவதற்கு இன்னொரு இருபத்தைந்து வருடம் வாசலில் உட்கார வேண்டும். அவளுக்கு அதற்கெல்லாம் தெம்பு கிடையாது. மருந்துக்கடையில் வேலை. எந்த மருத்துவரின் கிறுக்கலையும் படித்துவிடுவாள், ஆனால் அதிகாரி என்று ஒருவர் நிமிர்ந்து பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சித்தப்பா கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தானாக வருவதை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். இந்த வீடே ஒருமுறை அப்படி அவரிடம் போகப் பார்த்தது.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்துக் கொடுப்பது அவள் வேலை. வீட்டுக்கான மனுவில், அன்று மிச்சமிருந்த ஒரே கார்பனைத் தலைகீழாக, மை மேலே பார்க்க வைத்துவிட்டாள். எழுதி முடித்துப் பார்த்தால் நகல் தாள் வெள்ளையாக இருக்கிறது. எழுதியதெல்லாம் முதல் தாளின் முதுகில் வலது இடமாகப் பதிந்திருக்கிறது. மனு வாங்கும் சன்னலை மூடுகிற நேரம். அம்மா ஒரு முறை முறைத்துவிட்டு அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்து விசாரணை. மனுவில் அம்மாவின் பெயர் இருந்த இடத்தில் வெள்ளை மை பூசி, அதன்மேல் சித்தப்பாவின் பெயர். கையில் நகல் கிடையாது. தன்னால்தான் வீடு போகிறது என்று அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அம்மா தாளைத் திருப்பினாள். பிறகு கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அதிகாரியிடம் நீட்டினாள். அவர் முதலில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டார், அப்புறம்தான் தாளின் முதுகை அதில் காட்டி, அம்மாவின் பெயரைச் சத்தமாகப் படித்தார்.

"உன் தப்பாலதான்டி நமக்கு வீடு," என்று சாகும்வரை சொல்லிச் சிரித்தாள் அம்மா. சித்தப்பாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வந்தால் டீ கொடுப்பாள். பேனா மட்டும் கொடுக்கவே மாட்டாள்.

பதினொரு மணிக்கு மூன்று பேரும் அலுவலகத்துக்குப் போனார்கள். மகள், சித்தப்பா, கூப்பிடாமலே கூட வந்த முட்டைக்காரி. வழியெல்லாம் முட்டைக்காரி கைபேசியில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வந்தாள். வாசலில் அம்மாவின் மடக்கு மேசை சுவரில் சாய்த்து வைத்தபடி இருந்தது. மகள் அதைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

எழுத்தர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். மருத்துவர் சீட்டைப் பார்த்தார், படிவத்தை எடுத்தார், ஆண்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். சித்தப்பா பேனா மூடியைக் கழற்றினார்.

"நான்தான் மக," என்றாள் அவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அந்த வீட்டுல இருக்கிறது நான். கையெழுத்து நான் போடுறேன்."

விதி அப்படி இல்லை என்றார் எழுத்தர். முட்டைக்காரி இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துப் பிரித்தாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய அரசாணை. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அந்த வீட்டில் வாழும் பெண்ணே கையொப்பமிடலாம், ஆண் உறவினர் தேவையில்லை என்று முத்திரையோடு இருந்தது. நாற்பத்து மூன்று பெண்கள் சேர்ந்து கேட்டு, ஆறு வருடம் நடந்து வாங்கியது. மனு எழுதியது அம்மா. ஆணை வந்த அன்றே நாற்பத்து மூன்று பேருக்கும் ஆளுக்கொரு நகல் கொடுத்தாள்.

எழுத்தர் அலமாரியைத் திறந்து தேடினார். அப்படி ஒரு ஆணை கோப்பில் இல்லை என்றார். அவர் திரும்புவதற்குள் மேசைமேல் இன்னொரு நகல் கிடந்தது. வைத்தவள் தையல்காரி. அவளுக்குப் பின்னால் துணி வெளுக்கிறவள், அவளுக்கும் பின்னால் பள்ளிக்கூட ஆயா. ஒருத்தியின் தாளில் எண்ணெய்க் கறை, ஒருத்தியுடையது மடிப்பில் கிழிந்து ஒட்டுப்போட்டது. வரிசை கதவுக்கு வெளியேயும் நின்றது. யாரும் குரலை உயர்த்தவில்லை. தாளை வைத்துவிட்டு அடுத்தவளுக்கு வழிவிட்டார்கள்.

சின்ன வயதில் மகளுக்கு இந்தப் பெண்களைக் கண்டாலே ஆகாது. பரீட்சைக்குப் படிக்கும்போதுகூட அம்மாவை அவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று கோபம். இப்போது எழுத்தர் மேசைமேல் குவிந்த தாள்களைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்து வந்தது. அம்மா தனக்கென்று ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை என்று நினைத்திருந்தாளே, எவ்வளவு பெரிய முட்டாள்! நன்றி என்று யாரிடம் தொடங்குவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

எழுத்தர் உள்ளறைக்குப் போய்த் திரும்பி வந்து, படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

அம்மாவின் பையை அவள் கொண்டுவந்திருந்தாள். படிவத்துக்குக் கீழே இரண்டு வெள்ளைத் தாள், நடுவே கார்பன். அதோடு நிற்காமல் இன்னொரு கார்பனை எடுத்து, மை மேலே பார்க்கும்படி படிவத்தின் முதுகோடு வைத்தாள்.

"மேடம், அது தலைகீழா இருக்கு," என்றார் எழுத்தர்.

"தெரியும் சார்."

சித்தப்பா அந்தக் கார்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். அவள் அழுத்தி எழுதினாள். இறந்தவர் பெயர், தொழில், குடும்பத் தலைவர். கடைசி இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டாள்.

வீட்டுக்கு வரும்போது அடக்கத்துக்கான வண்டி வந்து நின்றிருந்தது. பெண்கள் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவள் அம்மாவின் தலையைச் சரிசெய்ய நீட்டிய கையில், விரல் நுனி நீலமாக இருந்தது.

"ஒண்ணு ஆபீசுக்குப் போயிருச்சு. ஒண்ணு உன்கிட்ட இருக்கு," என்றாள் முட்டைக்காரி. "மூணாவது எங்க?"

மகள் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். நான்காக மடித்து, அம்மாவின் கையைத் தூக்கி அதன் கீழே வைத்தாள். மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடத்தது.

சித்தப்பா எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.