ஸ்காலா குடும்பமும் தாராவி அண்ணாச்சியும்

தாராவியில் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் தங்கசாமிக்கு ஒரு மாதமாக வயிற்று வலி. கடையில் கூட நிற்கும் தம்பி முத்துசெல்வத்தின் மனைவி பொன்செல்வி ஞாயிறுதோறும் முலுண்டிலிருந்து வந்து கஷாயம் வைத்துக் கொடுப்பாள். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். இத்தாலிய அரச குடும்பம் ஒன்றைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். ரயிலில் திருத்திக்கொண்டு வந்த தாள்கள் மேசைமேல் கிடந்தன. அவள் அடுப்படியில் இருந்தபோது தங்கசாமி எடுத்துப் படித்தார்.

வெரோனா நகரத்தை நூற்றிருபத்தைந்து ஆண்டு ஆண்ட ஸ்காலா குடும்பம். அதில் பெரிய ஆள் கான்கிராந்தே, ஊர் ஊராகப் பிடித்தவன். திரெவிசோ நகரத்துக்குள் வெற்றியோடு நுழைந்த நான்காம் நாள் வயிறு கெட்டுச் செத்தான். தண்ணீர் சரியில்லை என்றார்கள். நம் காலத்தில் கல்லறையைத் திறந்து பார்த்தால் குடலில் விஷச்செடி! முறையான வாரிசு இல்லாததால் அண்ணன் மகன்கள் பட்டத்துக்கு வந்தார்கள்.

தங்கசாமிக்கும் பிள்ளை இல்லை. கடை தம்பி மகன்களுக்குத்தான் போகும்.

"அத்தான், சூடா இருக்கும்போதே குடிச்சிருங்க."

"வையி தாயி, பொறவு குடிக்கேன்."

அவள் போனதும் கஷாயத்தை ஒரு பாட்டிலில் ஊற்றி, மாஹிமில் லேப் வைத்திருக்கும் சலாவுதீனிடம் விஷம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து அவர் சொன்னார்: "சுக்கு, மிளகு, கருப்பட்டி. வேற ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

சலாவுதீனும் முத்துவும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்பது அப்போதுதான் தங்கசாமிக்கு உறைத்தது. அவர் சொன்னதை நம்பலாமா?

மறுநாள் முத்துசெல்வம் கடைக்கு வந்தான். வேலையாட்கள் பார்த்துக்கொண்டு நிற்க, "எம் பொண்டாட்டி ஒங்களுக்கு விஷம் வச்சாளாண்ணே?" என்றான்.

"ஒனக்கு இத யாரு சொன்னா?"

"போதும்ணே."

முத்துசெல்வம் செம்பூரில் தனிக் கடை போட்டான். பாதி வாடிக்கை அவன் பின்னாலேயே போனது. வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவி அப்பா காலத்திலிருந்து குடும்பத்தைவிட்டுப் போனதில்லை; அதுவும் பதினோரு ஓட்டில் போனது. வலிக்குக் காரணம் பித்தப்பைக் கல் என்று ஸ்கேனில் தெரிந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் பொன்செல்வி ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"அந்தக் குடும்பம் எப்படித்தான் அழிஞ்சுது தாயி?"

"அண்ணனத் தம்பி கொன்னான் அத்தான். அந்தத் தம்பிக்கு ரெண்டு மகனுங்க. அதுல ஒருத்தன் மத்தவனக் கொன்னான். மிலான்காரன் படையோட வந்தப்ப கூட நிக்க ஆளில்ல."

தங்கசாமி வாசல் பக்கம் பார்த்தார்.

"முத்து வரலியா?"

"கீழ நிக்காங்க. நீங்க கூப்பிட்டா வருவாங்க."

கூப்பிடத்தான் நினைத்தார். ஆனால் வாயில் வந்தது வேறு.

"இந்த டாக்டர முத்துவுக்கு முன்னமே பழக்கமோ?"

பொன்செல்வி கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.