ஆறு கொக்கி ரவிக்கை

“கிளையன்ட் அனுப்பின மெயிலைக் காட்டுங்க சார்.”

இந்த ஒன்றை மட்டும் கேட்கக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே பவித்ராவிடம் முதலாளி தினகரன் சொல்லியிருந்தார். பொம்மையை யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள், நமக்குத் தேவையில்லை. ஒன்றரை வருஷமாக அவளும் கேட்கவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை காலைதான் கேட்டாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில், கம்ப்யூட்டர் மனிதர்களுக்குத் துணி தைப்பது அவள் வேலை. உடம்போடு ஒட்டின துணி. பொம்மை கை தூக்கினால் ரவிக்கையும் கூடவே இழுபட வேண்டும், குனிந்தால் மடிய வேண்டும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத எலும்புகளை வைத்து, எது அசைந்தால் துணி எங்கே எவ்வளவு நகரும் என்று புள்ளி புள்ளியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் துணிக்கு அடியில் இருக்கும் தோலை வெட்டி எறிந்துவிடுவார்கள். வெட்டாவிட்டால் அசையும்போது துணியைத் துளைத்துக்கொண்டு தோல் எட்டிப்பார்க்கும். ஆகவே ரவிக்கைக்குள் ஒன்றுமே இருக்காது. அதுதான் வழக்கம்.

வெள்ளிக்கிழமை ஒரு புடவை, ரவிக்கையை அப்படித்தான் அனுப்பினாள். திங்கட்கிழமை திரும்பி வந்துவிட்டது. தோலை வெட்டாதே. ஆறு கொக்கியும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். கொசுவத்துக்குத் தனி எலும்பு வை. கூடவே புதிதாக ஓர் உடம்பு, துணியே இல்லாமல். திறந்து பார்த்தாள். தலை யாருடையதோ. வலது முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த தழும்பு லோகநாயகி அக்காவுடையது.

லோகநாயகி ஆபீஸைப் பெருக்கி, டீ போட்டுக் கொடுப்பவள். மூன்று மாதத்துக்கு முன் ‘புடவைக் கடை ஆப்புக்கு நம்மூரு உடம்பு வேணும்’ என்று அவளைப் பனியனும் அரைக்கால் சட்டையுமாக நிற்கவைத்து, உடம்பை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றும் ஸ்கேன் எடுத்தார்கள். ‘கூச்சப்படாதக்கா, நான் கீறேன் இல்ல’ என்று புடவையை வாங்கி வைத்துக்கொண்டவள் பவித்ராதான்.

“இன்னாம்மா உனுக்கு இப்ப?” தினகரன் நாற்காலியில் சாய்ந்தார். “மூஞ்சியத்தான் மாத்தியாச்சே. யாருக்குத் தெரியப்போவுது?”

“ஸ்கேன்ல அக்கா பனியன் போட்டுகினு இருந்தாங்க. பனியனுக்குள்ள கீறதெல்லாம் யாரு சார் செஞ்சது?”

பக்கத்து மேஜை ஜெகன் கீபோர்டைப் பார்த்தான். போன வாரம் மூன்று நாளாக ஹெட்போனைக் கழற்றாமல் அவன் செதுக்கிக்கொண்டிருந்தது இதைத்தான். நேற்று அவள் டப்பாவிலிருந்து மீன் எடுத்துத் தின்ற விரல்கள்.

“சார் சொன்னாரு, செஞ்சேன். வெறும் புள்ளிங்கதான பவி? உடம்பா அது?”

“உங்கம்மாவ நிக்க வெச்சிட்டு சொல்லுடா இத.”

“ஏய், வாய அடக்கு!” தினகரன் ஸ்கிரீனை அவள் பக்கம் வெடுக்கென்று திருப்பினார். “இந்தா, பாத்துக்க. ஃபாரின்காரன், படிச்சவன். எவ்ளோ டீசண்ட்டா எழுதிகீறான் பாரு.”

டீசண்ட்டாகத்தான் எழுதியிருந்தான். உடம்பு மிகவும் இயல்பாக இருக்கிறதாம், தழும்பு அருமையாம். கொக்கியை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது அவள் கையால் தடுப்பதுபோல ஓர் அசைவு வேண்டுமாம். கீழே அந்த உடம்பின் படம். பவித்ரா போனை எடுத்து மொத்தத்தையும் போட்டோ பிடித்தாள். தினகரன் எழுவதற்குள் டீத் தட்டோடு லோகநாயகி வந்து நின்றாள்.

“இன்னா கருமம்மா இது, துணியில்லாம? யாரு பெத்த பொண்ணோ.” கொஞ்சம் குனிந்தாள். “கையில என்னாட்டமே தழும்பு கீது.”

“நீதாங்கா அது,” என்றாள் பவித்ரா.

“மூஞ்சி என்னுது இல்லியே.”

“மூஞ்சி மட்டுந்தான் இல்ல.”

லோகநாயகி தட்டை மேஜைமேல் வைத்தாள். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். ஜெகனைப் பார்த்தாள், தினகரனைப் பார்த்தாள். இருவரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

“நீதான கண்ணு சொன்ன, கூச்சப்படாதன்னு.”

“ஆமாக்கா. எம்மேலயும் தப்புதான்.”

“லோகா, நீ கீழ போ,” என்றார் தினகரன். “பவித்ரா, உக்காந்து கொக்கிய முடி. இல்ல, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கிடையாது.”

“லெட்டர்ல இன்னான்னு சார் எழுதுவீங்கோ? அக்காவோட ரவிக்கைய நல்லா அவுத்தாள்னா?”

புகாரை அன்று காலை ஆவடியிலிருந்து வரும் ரயிலிலேயே எழுதி முடித்திருந்தாள். அக்கா பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

“அக்கா, நான் போலீசுக்குப் போறேன். நீ வராட்டியும் போவேன். உம்பேரச் சொல்லலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லு.”

லோகநாயகி செருப்பை மாட்டினாள். “எம்பேர நீ இன்னாத்துக்குச் சொல்ற? எனக்கு வாயில்லியா? நட.”

தினகரன் ஏதோ கத்தினார். கீழே ஓடிக்கொண்டிருந்த லேத் சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை. பவித்ரா படியிறங்கினாள்.