மீதி மூன்று

கொதி வந்த அண்டாத் தண்ணீரில் இலந்தை இலைகளை உருவிப் போட்டுக்கொண்டிருந்தாள் சம்சாத் பேகம். இறந்துபோன தம்பியின் மையத்தைக் குளிப்பாட்டுவதற்கான தண்ணீர். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தான் நைனா முகமது. காலையில் கடை ஷட்டரைத் தூக்கியவன் பாதியிலேயே விட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தானாம். அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வயது. ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து அவள் வந்து சேர்வதற்குள் வீடு நிறைந்துவிட்டது.

உள்ளே அவன் மனைவி அசீனா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நாலு வயது மகள் சௌதா அவள் மடியிலேயே தூங்கிப் போயிருந்தாள். பள்ளிவாசல் மோதினார் சம்சாரம் அசீனாவின் காதருகே குனிந்து, இப்படிப்பட்ட வேளையில் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"வயித்துல எதும் இருக்காம்மா? இல்லைன்னா வீட்டுக்குள்ள இத்தா இருக்குறது நாலு மாசம் பத்து நாளு. இருந்துச்சுன்னா புள்ள பொறக்குற வரைக்கும். அதுக்குத்தான் கேக்கேன்."

அசீனா தலையைத் தூக்கி, முற்றத்தில் நின்ற சம்சாத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை எதைப் பற்றியது என்பது அந்தக் கூட்டத்தில் சம்சாத்துக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, சென்னை ஆஸ்பத்திரியில் கருவை வெளியே உண்டாக்கி வயிற்றில் வைத்துப் பிறந்தவள் சௌதா. ஊரில் மதுரை டாக்டர் மருந்து என்று சொல்லி வைத்திருந்தார்கள். துணைக்குப் போய் இரண்டு மாதம் கூடவே இருந்தவள் சம்சாத். உண்டான கரு ஐந்து. இரண்டை வைத்தார்கள், ஒன்று தங்கியது. மீதி மூன்றை உறைய வைத்தார்கள். அவற்றை வைத்திருந்த பாத்திரத்தை ஒரு நர்ஸ் அவளுக்குக் காட்டினாள். பால்கோவா கடைகளில் வந்து இறங்கும் பால் கேன் போலத்தான் இருந்தது. மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை தரையில் வழிந்தது. "குளிருமேம்மா" என்று சம்சாத் கேட்டதற்கு நர்ஸ் சிரித்தாள். அதற்குப் பிறகு மார்கழியில் போர்வையை இழுத்துப் போர்த்தும் போதெல்லாம் சம்சாத்துக்கு அந்த மூன்றும் நினைவுக்கு வரும்.

அசீனா வாய் திறக்காததைப் பெண்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். நாள் தள்ளியிருக்கும் போல என்று ஒருத்தி முணுமுணுத்தாள். "வயித்துப் புள்ளைக்காகவாச்சும் குடிம்மா" என்று இன்னொருத்தி பாலை ஆற்றிக்கொண்டு வந்தாள். சம்சாத் பிள்ளையை வாங்கி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, அசீனாவை உள் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏட்டி, ஏன் பேசாம இருந்துட்ட? வெளிய என்னென்னமோ பேசுதாளுவ."

"இல்லைன்னு சொல்ல வாய் வரல மதினி."

அசீனா பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்துக் கொடுத்தாள். பத்து நாளைக்கு முன்னால் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பாரம். ஐந்து வருஷம் முடியப் போகிறது, மேற்கொண்டு வைத்திருக்க முடியாது என்று தமிழில் டைப் அடித்திருந்தது. கீழே மூன்று கட்டங்கள். தாங்களே வந்து வயிற்றில் வைத்துக்கொள்வது, பிள்ளையில்லாத வேறு தம்பதிக்குக் கொடுப்பது, அழித்துவிடச் சொல்வது. கட்டங்கள் மூன்றும் காலியாக இருந்தன. அடியில் மட்டும் நைனா முகமதின் கையெழுத்து, அவன் வழக்கம்போல் கடைசி எழுத்தை நீட்டி இழுத்திருந்தான்.

"எதுலயும் டிக் போடலையே?"

"நோவு பட்டவ நீ, நீயே போடுன்னாவ. அவியளுக்கு இன்னொண்ணு பெத்துக்கணும்னு ஆசை. சௌதாவுக்கு ஏழு மாசம் ரத்தம் போயி படுத்துக் கெடந்தேன்லா, எனக்குப் பயம். வேண்டாம்னு இன்னைக்கு மத்தியானம் சாப்பிட வந்தா சொல்லிருவோம்னு இருந்தேன்."

அதைச் சொல்லிவிட்டு அசீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சம்சாத் அவள் கையைப் பிடித்தாள். "அவன் போயிட்டான். இது மூணும் இருக்குல்லட்டி. நீ செமந்தா நான் கூட இருந்து பாத்துக்கிடுதேன்."

"இத்தா முடிஞ்ச பொறவு நான் வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னா, ஊரு யாரு புள்ளைன்னு கேக்கும் மதினி? அவிய மௌத்தானதோட நிக்காஹும் முடிஞ்சு போச்சு. மார்க்கத்துல அதுக்கு எடம் ஏது?"

"அப்பம் வேற யாருக்காச்சும் குடு. புள்ளையில்லாம நீ பட்டதுதான?"

"எந்தத் தெருவுலயாச்சும் மச்சான் சாடையில ஒண்ணு போகும். எதிர்ல பாத்தா நான் எப்பிடித் தாங்குவேன்?"

எந்தத் தெருவிலாவது போனால் போதுமே என்றுதான் சம்சாத்துக்கு இருந்தது. அம்மா இறந்தபோது தம்பிக்கு மூன்று வயது. சம்சாத்தின் இடுப்பை விட்டு இறங்க மாட்டான். அதையெல்லாம் இவளிடம் சொல்ல வந்தாள். எதிரே நிற்பவளுடைய கழுத்தில் நிக்காஹில் கட்டிய கருகமணி இன்னும் கிடந்தது. கவரை அவளிடமே கொடுத்தாள்.

கடைசியாக முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். அசீனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மோதினார் சம்சாரத்திடம் நேரே போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "வயித்துல ஒண்ணும் இல்ல" என்றாள். அசர் தொழுகைக்கு முன்னால் மையத்தைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிவிட்டார்கள். பெண்கள் பின்னால் போகும் வழக்கமில்லை, சம்சாத் வாசலோடு நின்றுவிட்டாள்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து சம்சாத் ஊருக்குக் கிளம்பும்போது அசீனா கவரைக் கொண்டுவந்து கொடுத்தாள். இத்தாவில் இருப்பவள் வெளியே போகக் கூடாது.

"தபால்ல சேத்துருங்க மதினி. ஒட்டல. படிச்சுப் பாத்துக்கிடுங்க."

பஸ்ஸில் சம்சாத் அதைத் திறக்கவில்லை. மடியில் வைத்து, காற்றில் பறந்துவிடாமல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு வந்தாள். ராஜபாளையம் போஸ்டாபீசில்தான் திறந்தாள். அழித்துவிடச் சொல்லும் மூன்றாவது கட்டத்தில் டிக் இருந்தது. பேனா இரண்டு தடவை ஓடியிருந்தது. அவன் கையெழுத்துக்குப் பக்கத்தில் அசீனாவின் கையெழுத்து.

கவுண்டரில் நூல் கட்டிய பேனா ஒன்று தொங்கியது. சம்சாத் அதை எடுத்து உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். எழுதியது. அதை அடித்துவிட்டு, வேறு தம்பதிக்குக் கொடுக்கச் சொல்லும் இரண்டாவது கட்டத்தில் போட்டால் யாருக்குத் தெரியும்? அசீனா போட்டதாகவே நினைப்பார்கள். பின்னால் மணியார்டர் பாரத்தோடு நின்ற ஆள், "எழுதிட்டீகளாம்மா?" என்று கேட்டார்.

"நான் எழுதல, நீங்க எழுதுங்க" என்று பேனாவை அவரிடம் கொடுத்தாள்.

பாரத்தை மடித்து உள்ளே வைத்து, பசையை விரலால் தொட்டுத் தடவி, ஓரம் முழுக்க நீவி நீவி ஒட்டினாள். பெட்டியில் போட்டாள். போட்டுவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே நின்றாள். மூன்றரை மணிக்குத் தபால்காரர் வந்து பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பைக்குள் வாரினார். பழுப்புக் கவர் மூலை மடங்கி உள்ளே போனதை அவள் பார்த்தாள்.

"யாருக்கும்மா காத்துக்கிட்டு நிக்கீக?"

"ஒருத்தருக்கும் இல்லண்ணே."

அவர் பையைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார். கூட்டமாக இருந்ததால் ஏறாமல் உருட்டிக்கொண்டு போனார். சம்சாத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பஞ்சு மார்க்கெட் வரைக்கும் அந்தச் சைக்கிளின் பின்னாலேயே நடந்தாள்.