மரவள்ளியும் சுக்குக் காப்பியும்

நாகலெட்சுமி டம்ளரைக் கீழே வைத்தபோது பொகவந்தலாவைச் சந்தையில் மணி பத்தரை. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. அடுத்த இரண்டரை மணி நேரமும் நான் என் கைக்கடிகாரத்தையும் அந்தப் பிள்ளையின் முகத்தையும் தவிர வேறெதையும் அதிகம் பார்க்கவில்லை.

அது 1956. ஆங்கிலம் கற்பிப்பதற்காக இரண்டு வருட விசாவில் கும்பகோணத்துப் பக்கமிருந்து இலங்கைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பஜார் பள்ளிக்கூடத்தில் எனக்கு 'இந்தியா சார்' என்று பெயர். பாடப் புத்தகத்தில் பனிமனிதனும் ஓக் மரமும் இருந்தன. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. கையில் எடுத்துப் பார்க்கிற பொருளின் பெயர்தான் நாக்கில் ஒட்டும் என்பது என் எண்ணம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து மாணவர்களைச் சந்தைக்குக் கூட்டிப்போவேன். கருவாடு, பலாக்காய், கம்பளி, ஒவ்வொன்றின் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லி, ஆங்கிலத்திலேயே விலை கேட்க வேண்டும்.

கீழ்நாட்டிலிருந்து பலாக்காய் கொண்டுவரும் சிங்களக்காரர் ஒருவர், "ஹவ் மச்?" என்று பிள்ளைகள் கேட்டாலே சிரிப்பார். "இங்கிலீசில கேட்டா வெல கூடும் மகன்" என்பார். பிள்ளைகள் உடனே தமிழுக்கு மாறுவார்கள்.

பாடம் முடிந்ததும் பேச்சியம்மாவிடம் போவோம். தோட்டத்து வேலையை விட்டுவிட்டுச் சந்தையில் கிழங்கு அவித்து விற்பவர் அவர். மூன்று கல் அடுப்பு, ஒரு பெரிய பானை. வாழை இலைத்துண்டில் சூடான மரவள்ளிக்கிழங்கு, மேலே தேங்காய்ப்பூ, ஓரத்தில் மிளகாய் இடித்த கொச்சிக்காய்ச் சம்பல். எங்கள் ஊரில் மரவள்ளி புழக்கம் இல்லை. முதல் வாரமே அவர் பானையை மூடாமல் அவிப்பதைக் கவனித்து, விறகு வீணாகிறதே என்று கேட்டேன்.

"மூடுனா அதுல உள்ள நஞ்சு அதுலயே நிக்கும் சார். தொறந்து வெச்சா ஆவியோட போயிரும்."

எனக்கு ஒரே மகிழ்ச்சி. பச்சைக் கிழங்கில் விஷம் இருக்கிறது. வெட்டித் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் அது ஆவியாகிறது. மூடி இருந்தால் ஆவி குளிர்ந்து சொட்டாகிப் பானைக்கே திரும்புகிறது. மறுநாள் கரும்பலகையில் பானை வரைந்து, அம்புக்குறி போட்டு ஆங்கிலத்தில் விளக்கினேன். கிழங்கைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டதாக நினைத்துவிட்டேன்.

அந்த ஞாயிறு காலையிலிருந்தே சாரல். பிள்ளைகளின் உதடு குளிரில் நீலம் பூத்திருந்தது. அவர்கள் கிழங்கு சாப்பிட்டு முடித்ததும் என் பிளாஸ்க்கைத் திறந்தேன். அம்மா தபாலில் அனுப்பிய சுக்குப்பொடியில் போட்ட காப்பி. ஐந்து பேருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். நான்கு பேர் டம்ளரோடு கடைக்குப் பின்பக்கம், சாக்கடைக் கான் ஓடும் இடத்துக்கு நகர்ந்தார்கள். பதின்மூன்று வயது நாகலெட்சுமி என் முன்னாலேயே ஒரே மூச்சில் குடித்தாள்.

பேச்சியம்மா கரண்டியோடு திரும்பினார். மூக்கு விரிந்தது.

"என்னா சார் அது, இஞ்சி வாசம்?"

"சுக்குக் காப்பிம்மா. ஒங்களுக்கும் கொஞ்சம்..."

"அடப் பாவி மனுசா! கெழங்கு தின்ன வாயிக்கு இஞ்சியா?"

மரவள்ளி தின்றால் இஞ்சி தொடக்கூடாது. தொட்டால் உயிர் போகும். மலைநாட்டில் நடை பழகும் குழந்தைக்கே சொல்லிக்கொடுப்பது இது. தமிழர், சிங்களவர் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

மற்ற நால்வரையும் பார்த்தேன். அழகன்தான் வாயைத் திறந்தான். "நாங்க கானுல ஊத்திட்டோம் சார்."

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க குடுத்தீங்களே சார்."

நாகலெட்சுமி மெதுவாகச் சொன்னாள்: "இஞ்சிதானே கூடாது, சுக்குன்னா பரவால்லன்னு நெனச்சேன்."

பேச்சியம்மா அவள் தலையைக் குனிய வைத்து உப்புத் தண்ணீரைப் புகட்டினார். கொஞ்சம் வந்தது. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. மோர் கொடு என்றார் ஒருவர். ஒன்றும் கொடுக்காதே என்றார் இன்னொருவர். நான் பேசத் தொடங்கினேன். இஞ்சி ஒரு மருந்துப் பொருள், கிழங்கின் விஷம் வேறு, இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு... யாரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கருவாட்டுக் கடையில் நின்றிருந்த வேலாயி, நாகலெட்சுமியின் அம்மா. புருசன் இல்லை, இந்த ஒரே பிள்ளைதான்.

"சார், நீங்க படிச்சவங்க. எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

வகுப்பில் நான் ஒருநாளும் சொல்லாத சொல் அது.

"தெரியாதும்மா."

அப்போதுதான் நாகலெட்சுமி, "தல சுத்துதும்மா" என்று அடுப்புப் பக்கம் உட்கார்ந்தாள். அவளைத் தாங்கக் குனிந்தவன் கண்ணில் அது பட்டது. அடுப்புக் கல்லில் சாய்த்துவைத்த ஒரு தகரத்துண்டு. வெளிப்பக்கம் மழையில் நனைந்திருந்தது, அதில் அதிசயமில்லை. உள்பக்கமும் நனைந்திருந்தது. அங்கே நின்ற சொட்டுகள் வெள்ளையாக, கஞ்சிபோலக் குழகுழவென்று இருந்தன. மழைத்தண்ணீர் அப்படி இருக்காது. கிழங்கு கொதித்த ஆவி பட்டு நின்றால்தான் அப்படி இருக்கும். அடுப்பில் மழை விழுகிறதென்று பேச்சியம்மா இன்று இந்தத் தகரத்தால் பானையை மூடியிருக்கிறார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைப்பதற்கில்லை. குற்றம் என் காப்பியில் இல்லாமல் அவர் பானையில் இருக்கலாம். வாயைத் திறந்து சொன்னால் போதும், கூட்டம் என் பக்கமிருந்து அவர் பக்கம் திரும்பிவிடும். அதன் பிறகு அவர் இந்தச் சந்தையில் அடுப்பு மூட்ட முடியாது. சொல்லாமல் விட்டாலோ, காப்பியைக் கானில் ஊற்றிய நான்கு பிள்ளைகளும் அதே கிழங்கைத்தான் தின்றிருக்கிறார்கள். காலையிலிருந்து வந்து தின்றவர்கள் இன்னும் எத்தனை பேரோ.

பேச்சியம்மாவின் காதருகே போய்க் கேட்டேன். "அம்மா, எத்தன ஈடு மூடி அவிச்சீங்க?"

அவர் தகரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இந்த ஒரு ஈடுதான். பாதிக் கொதியில எடுத்துட்டேன் சார். எடுத்துட்டேன்னுதான் நெனக்கிறேன்."

பிறகு அவரே எழுந்து, சந்தை முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினார். "பத்து மணிக்கு மேல எங்கிட்டக் கெழங்கு தின்னவங்க எல்லாம் வாங்க! மூடி அவிச்சிட்டேன்! டிஸ்பென்சரிக்குப் போங்க!"

கூட்டத்தில் விழுந்த ஏச்சை இங்கே எழுத முடியாது. ஒருத்தி பானையை எட்டி உதைத்தாள். பேச்சியம்மா அதைத் தடுக்கவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரி ஒரு மைல் மேட்டில். நாகலெட்சுமியை நான் தோளில் போட்டுக்கொண்டேன். வேலாயி அவள் பாதத்தைப் பிடித்தபடியே பக்கத்தில் ஓடிவந்தார். பின்னால் நான்கு பிள்ளைகள், கிழங்கு தின்ற எட்டுப் பேர், கடைசியில் பேச்சியம்மா. வழியில் நாகலெட்சுமி என் முதுகிலேயே வாந்தி எடுத்தாள். வேலாயி அழவில்லை. "எடு தாயி, எல்லாத்தயும் எடு" என்றார்.

கம்பவுண்டர் சிதம்பரநாதன் எல்லாரையும் விறாந்தையில் உட்காரவைத்தார். அவரிடம் இதற்கென்று மருந்து இல்லை. வாந்தி எடுக்க வைப்பதும் சீனித் தண்ணீர் கொடுப்பதும் பார்த்துக்கொண்டிருப்பதும்தான். "நஞ்சா இருந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள மூச்சு வேகமாகும். அதத்தான் பாக்கணும்" என்றார்.

பார்த்தோம். மூச்சு எண்ண எனக்குத் தெரியும். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. இந்த வயதுப் பிள்ளைக்குச் சாதாரணமாக நிமிடத்துக்கு இருபது இருக்கும். பதினொன்றேகாலுக்கு இருபத்தெட்டு. பதினொன்றரைக்கு முப்பத்திரண்டு. கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தேன். அழகன் வாந்தி எடுத்தான். எட்டுப் பேரில் இரண்டு பேர் தலைவலி என்றார்கள். பன்னிரண்டுக்கு நாகலெட்சுமிக்கு மறுபடி முப்பத்திரண்டு. ஏறவில்லை. பன்னிரண்டேகாலுக்கு இருபத்தாறு. நான் எண்ணியதில் பிழை இருக்குமோ என்று திரும்ப எண்ணினேன். இருபத்தைந்து.

ஒரு மணிக்கு அவள் பசிக்கிறது என்றாள்.

வேலாயி அப்போதுதான் தரையில் உட்கார்ந்தார்.

கம்பவுண்டரைத் தனியாகப் பிடித்து, கிழங்கா, சுக்கா என்று கேட்டேன். "எனக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டும் ஒரே வயித்துல போயிருச்சே" என்று கையைக் கழுவப் போய்விட்டார்.

பேச்சியம்மா விறாந்தைப் படியிலேயே நின்றிருந்தார். வேலாயி அவரைக் கடந்து போகும்போது நின்று, "நீயாவது வாயத் தொறந்து சொன்ன" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், நாளைக்கு இவ பள்ளிக்கூடத்துக்கு வருவா. படிப்பு வேணும். ஆனா நீங்க எதக் குடுத்தாலும் வாயில வெக்கக்கூடாதுன்னு சொல்லி அனுப்புவேன். கோவிச்சுக்காதீங்க."

"கோவமே இல்லம்மா. எல்லாப் புள்ளைங்ககிட்டயும் நானே சொல்றேன்."

"நீங்க சொன்னா செய்வாங்க சார். அதுதானே பயமா இருக்கு" என்றார் வேலாயி.