டிஸ்க் போட வழியில்லாத மிஷின்

2009 கடைசியில், ஆம்பூர் பஜாரில் இருந்த முனீர் அகமதுவின் கேம் கடைக்குச் சென்னையிலிருந்து ஒரு சேல்ஸ்மேன் வந்தார். உள்ளங்கையில் அடங்கும் புது கேம் மிஷின் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். முனீர் அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"டிஸ்க் எங்க சார் போடறது?"

"டிஸ்க்கே கிடையாது பாய். எல்லாம் டவுன்லோடுதான். இனிமே யாரும் கேம் வாங்கக் கடைக்கு அலைய வேணாம்!"

கடைக்காரரிடமே இதைப் பூரிப்போடு சொல்லத் தனித் தைரியம் வேண்டும். தன் கடையை மூட வைக்கும் சாமானைத் தானே கூவி விற்கும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்குமா? முனீர் மரியாதைக்கு ஒரே ஒரு பெட்டி வாங்கி வைத்தார்.

அதை இன்பசேகரன் அள்ளிக்கொண்டு போனார். ஷூ கம்பெனியில் டிசைனர். புதுசு என்றால் போதும் அவருக்கு. மாசம் ஒரு டிஸ்க் வாங்கி, ஆடி முடித்ததும் கடையில் மாற்றிக்கொள்வது வழக்கம். இப்போது பழைய மிஷினையும் டிஸ்க்குகளையும் முனீரிடமே தள்ளிவிட்டார்.

"பாய், உங்களுக்கு இனிமே என் தொல்லை இல்ல," என்றார் பெருந்தன்மையாக.

வாரம் திரும்பவில்லை, வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"ஒரே பேஜார் பாய். பாதி இறங்கறதுக்குள்ள கரண்ட் போய்டுது. வந்தா நெட் லைன் கட். ராவெல்லாம் முழிச்சு ஒரு கேம் இறக்கினேன், ரெண்டே நாள்ல சலிச்சுடுச்சு. இத வெச்சுக்கிட்டு வேற குடுங்க."

"எத வெச்சுக்கறது சார்? டிஸ்க் இருந்தா வாங்கிக்கலாம். இது உங்க அக்கவுன்ட்ல இல்ல இருக்கு."

"காசு குடுத்தது நான். விக்க முடியாதா?"

"முடியாது. தோஸ்துக்கு ரெண்டு நாள் கடன் குடுக்கணும்னாகூட மிஷினோடதான் குடுக்கணும்."

இன்பசேகரன் மிஷினையே முறைத்தார். "சரி, என் பழசையாவது திருப்பிக் குடுங்க."

அதை முந்தாநாள்தான் நர்ஸ் ஹெப்சி டிஸ்க்குகளோடு வாங்கிப் போயிருந்தார். முனீர் வருத்தமாகத் தலையாட்டி, அலமாரியிலிருந்து வேறொரு பழைய மிஷினை எடுத்து நீட்டினார். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மிஷின் கம்பெனிக்காரனையே ஜெயித்துவிட்ட மாதிரி அன்று பிரியாணிகூடக் கூடுதலாக இறங்கியது.

அந்தச் சந்தோஷம் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. இன்பசேகரன் வீட்டுக்கு வேகமான நெட் லைனும் இன்வெர்ட்டரும் வந்தன. பிறகு அவர் பைக்கில் கடையைத் தாண்டிப் போகும்போது கையை மட்டும் ஆட்டினார். முனீரும் சிரித்தபடி கையாட்டிவிட்டு, டிஸ்க் இருந்த அலமாரியில் செல்போன் கவர்களை மாட்டத் தொடங்கினார்.