செபுவைத் திருப்பிக் கொடுத்த வியாழக்கிழமை

மெல்பேர்னின் கிளேட்டன் மூத்த தமிழர் ஒன்றுகூடலில் ஒரு வழக்கம் உண்டு. வியாழக்கிழமை காலைகளில் கவுன்சில் மண்டபத்தில் கூடுவார்கள். யாராவது ஓர் அங்கத்தவர் உலகத்தில் எங்கேயோ கிடக்கும் ஓர் ஊரைப் பற்றிப் பேசுவார். பேச்சு முடிவதற்குள் அந்த ஊரைத் தமிழர்தான் கட்டினார்கள் என்று ஆகிவிட வேண்டும். ஆகாவிட்டால் தேநீர் நேரத்தில் பேச்சாளருக்கு ஆறிப்போன வடைதான் கிடைக்கும். கொரியா எப்போதோ தமிழர் கைக்கு வந்துவிட்டது. நியூசிலாந்தைத் தமிழ் எழுத்துப் பொறித்த ஒரு பழைய மணியை வைத்தே முடித்தாயிற்று. போன குளிர்காலத்தில் தலைவர் அருந்தவன் ஆர்ஜென்டீனாவின் மேற்குக் கடற்கரை முழுவதையும் சோழருக்கு எழுதிக் கொடுத்தார். ஆர்ஜென்டீனாவுக்கு மேற்கில் கடலே கிடையாது என்று எழும்பிச் சொல்ல அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இந்தச் சபையின் சிங்கம், புலி, யானை எல்லாம் கல்யாணசுந்தரம்தான். அப்படித்தான் அவர் நினைத்திருந்தார். முப்பது வருடம் தண்ணீர் வழங்கும் திணைக்களத்தில் குழாய்களின் அழுத்தம் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு அந்த அழுத்தம் அவ்வளவும் வாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது என்பது மனைவி யோகாவின் கணிப்பு.

அவருடைய ஒரே மகள் தாரிணி, ஜோமார் என்ற பிலிப்பீனோப் பையனைக் கல்யாணம் செய்யப்போவதாகச் சொன்னபோது அவருக்கு ஒரு ஆட்சேபமும் இருக்கவில்லை. ஜோமார் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்பவன். வீட்டுக்கு வந்த முதல் நாளே அவருடைய முழங்காலைப் பிடித்து நாலு தரம் மடக்கி விட்டான். பத்து வருடமாகக் கிறீச்சிட்ட கால் வாயை மூடிக்கொண்டது. அப்படிப்பட்டவனுக்கு இரண்டு மகள்மார் இருந்தாலும் கொடுத்திருப்பார்.

சிக்கல் சிவமணி அக்காவிடம் இருந்தது. அக்கா சிட்னியில், செவன் ஹில்ஸில் இருந்தாள். தம்பியை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவள் அவள். யோகாவும் கல்யாணசுந்தரமும் இரவு வேலைக்கு ஓடிய காலத்தில் தாரிணியைத் தன் வீட்டில் வைத்துப் பள்ளிக்கூடம் போகும் வயதுவரை வளர்த்தவளும் அவள்தான். அதனால் அவளை மாமி என்று கூப்பிடும் தாரிணி தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அப்பா, மாமி வந்து தாலியைத் தொட்டுத் தராட்டி எனக்கு வெடிங் வேண்டாம். ஐ மீன் இட்."

தொலைபேசியில் அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. "பிலிப்பீனோ? சரி. நான் ஒருக்கா யோசிக்கிறன்" என்றாள். அக்காவின் அகராதியில் இது முக்கால்வாசிச் சம்மதம். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கால்வாசியைக் காலத்திடம் விட்டிருப்பார்கள். கல்யாணசுந்தரம் அதைத் தானே நிரப்பப் புறப்பட்டார்.

பின்னேரத் தேநீரோடு ஐபாடைத் திறந்து, ஜோமாரின் அம்மா லுஸ் பிறந்த செபு நகரத்தைத் தேடினார். மூன்றாவது வரியில் அவருடைய தேநீர் கோப்பைக்குள்ளேயே துள்ளியது. சுமாத்திராவிலிருந்து வந்த ஸ்ரீ லுமாய் என்ற இளவரசன் செபுவை நிறுவினானாம். அவன் சோழ வழியாம். பாதித் தமிழனாம்!

"யோகா! சம்பந்தி வீட்டார் எங்கட ஆக்கள்!"

"ஆர்?"

"ராசராசன்ர சொந்தம்!"

குசினிக்குள்ளிருந்து பெருமூச்சு ஒன்று மட்டும் வந்தது. இது வாய்மொழிக் கதை, ஆராய்ச்சியாளர்கள் பலர் இதை நம்புவதில்லை என்று அடுத்த வரியில் எழுதியிருந்தது. அடுத்த வரியைப் பார்க்கத் திரையை மேலே தள்ள வேண்டியிருந்தது. அந்த விரல் வேலையைக் கல்யாணசுந்தரம் செய்யவில்லை. வேண்டியது கிடைத்த பிறகு மனிதன் எதற்காகத் தொடர்ந்து தேட வேண்டும்?

அக்காவுக்கு விமான டிக்கெட் போட்டு மெல்பேர்னுக்கு வரவழைத்தார். வியாழக்கிழமை முன்வரிசையில் இருத்தினார். அக்கா மடியில் கைப்பை. கைப்பைக்குள் ஓரம் கருகிய ஒரு சின்ன முருகன் படம். அது இல்லாமல் அக்கா பல் வைத்தியரிடம் கூடப் போவதில்லை.

"செபு நகரம்: ஓர் அறிமுகம்" என்று திரையில் தலைப்பு விழுந்தது. அதன் பிறகு நடந்ததை அறிமுகம் என்று சொல்ல முடியாது. படையெடுப்பு என்றுதான் சொல்ல வேண்டும். பாதித் தமிழன் என்றால் மண்டபத்தில் பாதிப் பேர்தான் கைதட்டுவார்கள் என்பதால், ஸ்ரீ லுமாய் முதல் ஐந்து நிமிடத்திலேயே முழுத் தமிழனானான். ஒரு படகில் வந்தவன், பேச்சின் நடுவில் ஆயிரத்து இருநூறு கப்பலில் வந்தான். லுஸ் கொடுத்து அனுப்பிய காய்ந்த மாம்பழப் பைக்கற்றைத் தூக்கிப் பிடித்து, "மாங்காய் வத்தல் போட இவைக்கு ஆர் பழக்கினது?" என்று முழங்கினார். சபை கையில் இரண்டு இரண்டாக எடுத்துச் சாப்பிட்டு ஒப்புக்கொண்டது. முழுப் பன்றியை மூங்கிலில் கோத்துச் சுட்ட படமொன்று தவறித் திரையில் வந்தபோது, சைவக்காரியான அக்கா கண்ணாடியைப் போடுவதற்குள், "இது அந்த ஊர் தேர்" என்று சொல்லித் தள்ளிவிட்டார்.

அருந்தவன் எழும்பிப் பொன்னாடை போர்த்தினார். வடை சுடச்சுட வந்தது. கல்யாணசுந்தரம் அதைக் கடித்துக்கொண்டே அக்கா பக்கம் போனார்.

"எப்பிடி அக்கா?"

"நல்லாக் கதைச்சாய். அப்ப பொடியன் தமிழ்ப் பொடியன்தான்."

"ஓம் அக்கா! நான் சும்மாவா சொல்லுறன்?"

"தமிழ்ப் பொடியன் எண்டா," அக்கா வாயைத் துடைத்தாள், "சாதகம் எங்க?"

கல்யாணசுந்தரம் மிச்ச வடையைத் தட்டில் வைத்தார்.

"பிலிப்பீனோ எண்டு நினைச்சு, சரி, கடவுள் விட்ட வழி எண்டு நான் கண்ணை மூடிக்கொண்டு வரத்தான் இருந்தனான். எங்கட ஆக்கள் எண்டு இப்ப நீயே நிரூபிச்சுப் போட்டாய். எங்கட ஆக்களுக்குப் பொருத்தம் பாக்காமல் கட்டி வைக்கலாமே? பிறகு அதுகளுக்கு ஒண்டெண்டா ஆர் பதில் சொல்லுறது? அதோட அரச குலம் எண்டும் சொல்லுறாய். அவை எங்களைக் குறைவாப் பாப்பினமோ எண்டும் விசாரிக்க வேணும்."

ஒரு வெளிநாட்டுக்காரன் எந்த விசாரணையும் இல்லாமல் நுழைந்திருக்கக்கூடிய வீட்டுக்கு, கல்யாணசுந்தரம் தன் சொந்த வாயால் சுங்கச் சாவடி கட்டிவிட்டார். உலக வரலாற்றில் ஒரு மாப்பிள்ளையைத் தமிழனாக்கிக் கெடுத்த மாமனார் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

லுஸிடம் ஜோமார் பிறந்த நேரம் கேட்டார்கள். செபுவில் ஜனவரியில் குழந்தை யேசுவுக்கு எடுக்கும் பெருவிழா அன்று பிறந்தானாம். மேளமும் ஊர்வலமும் ஆஸ்பத்திரி யன்னலைத் தாண்டும்போது அழுதானாம். லுஸுக்கு நிமிடம் வரை ஞாபகம் இருந்தது. கொஞ்சம் மறந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று கல்யாணசுந்தரம் ஏங்கினார். அக்காவின் சாத்திரியார் கணினியில் தட்டினார். செவ்வாய் இருக்கக் கூடாத இடத்தில் கால்மேல் கால் போட்டு இருந்தது.

"பொருந்தேல்லை" என்றாள் அக்கா. சிட்னி டிக்கெட்டை அடுத்த வியாழன் பின்னேரத்துக்கு மாற்றச் சொன்னாள்.

கல்யாணத்துக்குக் கேரம் டவுன்ஸ் கோயிலில் மண்டபம் ஏற்கெனவே பதிவு செய்தாயிற்று. தாரிணி தகப்பனைக் குசினிக் கதிரையில் இருத்தி முன்னால் நின்றாள். கத்தினால் தாங்கியிருப்பார். அவள் மெதுவாகப் பேசினாள்.

"அப்பா, மாமிக்கு நோ சொல்லிக் கட்ட என்னால ஏலாது. ஜோமாரை விடவும் ஏலாது. நீங்கதானே அவனைத் தமிழனாக்கினீங்க. அன்டூ இட்."

"எப்பிடியம்மா? பொன்னாடை எல்லாம் போட்டிட்டாங்கள்."

"அடுத்த தேர்ஸ்டே இருக்குத்தானே?"

தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கல்யாணசுந்தரம் திரையை மேலே தள்ளி அடுத்த வரியைப் படித்தார். அதற்கடுத்த வரியையும் படித்தார். இரண்டு நாள் படித்தார். செபுவின் உண்மையான கதை அவர் விட்ட புளுகை விடப் பெரிதாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்த வியாழன் அக்கா பயணப்பையோடு முன்வரிசையில் இருந்தாள். தாரிணியும் ஜோமாரும் லுஸை நடுவில் இருத்தி, ஆளுக்கொரு காதில் மொழிபெயர்க்க ஆயத்தமாக இருந்தார்கள்.

"அன்பர்களே," கல்யாணசுந்தரம் ஒலிவாங்கியை இறுக்கிப் பிடித்தார். "போன கிழமை நான் செபுவைச் சோழருக்குக் குடுத்தனான். இண்டைக்கு அதைத் திருப்பிக் குடுக்க வந்திருக்கிறன்."

மண்டபம் இரைந்தது. அருந்தவன் பாய்ந்து எழும்பினார். "மிஸ்டர் கல்யாணசுந்தரம், எடுத்த ஊரைத் திருப்பிக் குடுக்கிற பழக்கம் இஞ்ச இல்லை!"

"ஆதாரம் இல்லை, தலைவர்."

"ஆதாரம் எப்ப இருந்தது? ஆர்ஜென்டீனாவுக்கு நான் ஆதாரம் காட்டினனானே?"

"அப்ப அந்தப் பொன்னாடையையும் தாரும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதைப் போட்டுக்கொண்டே வந்திருந்த கல்யாணசுந்தரம் கழற்றிக் கொடுத்தார். பொன்னாடை இல்லாமல் தோள் குளிர்ந்தது. பிறகு சொன்னார்.

செபு தொடக்கத்தில் சீனரும் மலாயரும் வந்து போன துறைமுகம். 1521இல் மகெல்லன் ஸ்பானியக் கப்பலில் வந்து சிலுவை நாட்டினான். ஊர் அரசன் ஹுமபோன் குடும்பத்தோடு ஞானஸ்நானம் வாங்கினான். அரசிக்கு ஒரு குழந்தை யேசு சிலை பரிசு. அந்த உற்சாகத்தில் மகெல்லன் பக்கத்துத் தீவு மக்தானுக்குப் போய் லாபுலாபு என்ற தலைவனை அடக்கப் பார்த்தான். முழங்கால் தண்ணீரில் வைத்து அவனை முடித்துவிட்டார்கள். "உலகத்தைச் சுத்த வந்தவன் ஒரு வாய்க்காலைத் தாண்டேல்லை. என்னைப் போல அளவுக்கு மிஞ்சிப் போனவன்" என்றார். சபையில் ஒருவரும் மறுக்கவில்லை. நாற்பத்து நாலு வருடம் ஸ்பானியர் இல்லை. 1565இல் லெகாஸ்பி என்ற ஸ்பானியத் தளபதி பீரங்கியோடு வந்து சுட்டான். ஊர் எரிந்தது. பிறகு அங்கேயே நாட்டின் முதல் ஸ்பானியக் குடியிருப்பைக் கட்டி, கொஞ்சக் காலத்தில் அதை விட்டுவிட்டுத் தலைநகரை மணிலாவுக்குக் கொண்டுபோனான். பிறகு அமெரிக்கர், பிறகு ஜப்பானியர், பிறகு குண்டு. இன்றைக்குக் கண்ணாடிக் கோபுரங்கள், அவற்றுக்குள் வெளிநாட்டுக் கொம்பனிகளின் தொலைபேசிச் சேவை நிலையங்கள். "உங்கட டெலிபோன் பில்லுக்கு நீங்கள் ஏசுற ஏச்சை அநேகமா அந்த ஊர்ப் பிள்ளை ஒண்டுதான் பொறுமையாக் கேட்டுக்கொண்டிருக்கும்."

"ஆகவே," என்று முடித்தார், "இதில தமிழர் ஒருத்தரும் இல்லை. ஜோமார் சுத்தப் பிலிப்பீனோ. செவ்வாய்க்கும் அவனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இது தேர் அல்ல, பன்றி" என்று கடைசியில் அந்தப் படத்தையும் காட்டி மன்னிப்புக் கேட்டார்.

ஒருவரும் கைதட்டவில்லை. அக்கா மட்டும் கையை உயர்த்தினாள்.

"ஊர் எரிஞ்சது எண்டாய். அந்தக் குழந்தைச் சாமிக்கு என்ன நடந்தது?"

கல்யாணசுந்தரம் அதைச் சொல்ல மறந்திருந்தார். ஜோமார் தாய்க்கு மொழிபெயர்க்க, லுஸ் எழும்பி ஆங்கிலத்தில் சொன்னாள். எரிந்த ஊருக்குள் ஒரு கப்பல்காரன் நுழைந்தானாம். ஒரு வீட்டுக்குள் மரப்பெட்டி. பெட்டிக்குள் அந்தச் சிலை, ஒரு காயமும் இல்லாமல். அத்தனை வருடமும் ஊர்ச்சனம் அதை வைத்திருந்திருக்கிறார்கள். லுஸ் தன் பேர்ஸைத் திறந்து, கிரீடம் வைத்த குழந்தை யேசுவின் சின்னப் படம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அக்கா அதை வாங்கினாள். தன் கைப்பையைத் திறந்தாள். ஓரம் கருகிய முருகனை எடுத்து, இரண்டு குழந்தைகளையும் மடியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எண்பத்து மூண்டுக் கலவரத்தில எங்கட வெள்ளவத்தை வீடு எரிஞ்சது" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "இவர் ஒருத்தர்தான் மிச்சம். என்ர சாதகமும் அலுமாரியோட எரிஞ்சு போச்சு. அது இல்லாமல்தானே இவ்வளவு காலமும் இருக்கிறன்."

பிறகு லுஸ் பக்கம் திரும்பினாள். "யூ கீப், ஐ கீப். சேம்."

"சேம்" என்றாள் லுஸ். அவளுக்கு மூக்கு சிவந்திருந்தது.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "அவை எங்கட ஆக்கள்தான். நீ சொன்ன சோழக் கதை வேண்டாம். சாத்திரியும் வேண்டாம். சிட்னி டிக்கெட்டை மாத்து. கல்யாணம் முடிஞ்சுதான் போறன்."

தாரிணி மாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அருந்தவன் இதைக் கூர்ந்து கவனித்துவிட்டு, செபு மறுபடியும் தமிழர் கைக்கு வந்துவிட்டதாக அறிவித்தார். கைதட்டல் கூரையைத் தூக்கியது. பொன்னாடை அக்காவின் தோளுக்குப் போனது. கல்யாணசுந்தரத்துக்குக் கிடைத்தது ஆறின வடை.

கல்யாணத்தன்று அக்கா தாலியைத் தொட்டுக் கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை: தம்பி ஒலிவாங்கிப் பக்கம் போகக் கூடாது. விருந்தில் குடும்பத்தின் சார்பில் பேச அவளே எழும்பினாள். குழந்தைச் சாமியின் கதையைத் தொடங்கினாள்.

"மூண்டு நாள் எரிஞ்சது அந்த ஊர்" என்றாள். சபை உச்சுக்கொட்டியது. அக்காவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "மூண்டு நாளே? ஒரு கிழமை! கடல் தண்ணியே கொதிச்சதாம்!"

கல்யாணசுந்தரம் யோகாவின் காதில், "கடல் கொதிச்சதாக ஒரு இடத்திலயும் இல்லை. நான் ரெண்டு நாள் படிச்சனான்" என்றார்.

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ" என்றாள் யோகா.

மேசையின் கீழே ஜோமார் மடக்கி விட்ட முழங்கால் தாளம் போட்டது. அக்கா இன்னும் ஆயிரத்து இருநூறு கப்பலுக்கு வரவில்லை. வந்துவிடுவாள் என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது. கைதட்டுவதற்கு வசதியாகக் கரண்டியைக் கீழே வைத்தார்.