கதவின் கீழ் வேப்பிலை

1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல் பினாங்கைத் தின்றுகொண்டிருந்த நாட்களில், சூலியா தெருவுக்குப் பின்னாலிருந்த அரிசிக் கிட்டங்கி ஒன்றில் சிலர் கதவடைத்துக்கொண்டு, உலகம் முடிந்துவிட்டதென நம்பினார்கள். தங்களை 'எஞ்சினோர்' என்று அழைத்துக்கொண்டார்கள். அப்பெயரைச் சூட்டியவர் சொக்கநாதன். முன்பு அங்கே மூட்டைகளை எடைபோட்டவர், இப்போது எல்லோருக்கும் ஐயா. வெளியே நடமாடுகிறவர்கள் இறந்தவர்கள்; உறவினரின் குரலில் கூப்பிடுவார்கள்; பதில் பேசாமல் கதவின் கீழே வேப்பிலையைத் தள்ள வேண்டும். இது அவர் வகுத்த விதி.

ருக்குமணி அவ்விதியைத் தன் ஆறு வயது மகள் கோமதிக்குத் தாலாட்டைப் போலச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தாள். ஆனால் அவளுக்கே இருப்புக் கொள்ளவில்லை. கணவன் சின்னையா தன் அண்ணன் பிழைத்திருக்கிறாரா என்று பார்க்கப் போனவன் திரும்பவேயில்லை. மூட்டைகளுக்கும் கதவுக்குமாக நடந்தாள், தாழ்ப்பாளைத் தொட்டாள், கையை இழுத்துக்கொண்டு மறுபடியும் நடந்தாள்.

ஒரு நண்பகலில் கதவு தட்டப்பட்டது.

"ருக்கு! தொற புள்ள."

குரல் மீண்டும் அழைத்தது. மூன்றாம் முறையும் அழைத்தது.

"பேய் ஒரு தரந்தானே கூப்பிடும் ஐயா?" என்றாள் ருக்குமணி. "இது மூணு தரம்."

"செத்தவங்களும் எண்ணக் கத்துக்கிட்டாங்க" என்றார் சொக்கநாதன்.

"அடியே, பசார் தொறந்தாச்சு லா! பக்கோடா வாங்கியாந்திருக்கேன், ஆறுது. செத்தவனுக்கு எவன்டி பக்கோடா சுட்டுத் தருவான்?"

எண்ணெய் வாசனை இடுக்கு வழியாக உள்ளே வந்தது. ருக்குமணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஒரு கையால் கோமதியைப் பற்றிக்கொண்டு மறுகையால் தாழ்ப்பாளை இழுத்தாள்.

வெயிலில் சின்னையா நின்றான். காய்ச்சல் தொற்றாமலிருக்க ஊரே கட்டியிருந்ததைப் போல, அவனும் மூக்கையும் வாயையும் மூடி வெள்ளைத் துணி கட்டியிருந்தான். உள்ளேயிருந்தவர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. பிணத்தின் வாய் பிளக்காமலிருக்கக் கட்டும் துணியைத்தான் அவர்கள் பார்த்திருந்தார்கள்.

"வாய்க்கட்டோட வந்திருக்கான்!" என்று யாரோ அலறினார்கள்.

கோமதி கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவளைப் பிடிக்கத் திரும்பிய ருக்குமணியைப் பல கைகள் வெளியே தள்ளின. தாழ்ப்பாள் விழுந்தது.

தெருவில் ரிக்ஷா மணி கேட்டது. எதிர்க்கடையில் ஒருவன் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். உலகம் முடிந்திருக்கவில்லை, இளைத்திருந்தது, அவ்வளவே. சின்னையா துணியை அவிழ்த்தெறிந்து கதவைத் தோளால் இடித்தான். அதற்குள் உள்ளிருந்து அரிசி மூட்டைகளை நடுவே முட்டுக்கொடுத்திருந்தார்கள்; கதவு அசையவில்லை.

"கோமதி!" என்றாள் ருக்குமணி. "கோமதி, அம்மாடி!" மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவள் குரல் உடைந்தது.

கதவின் கீழ் ஓர் ஓரத்தில் ஏதோ அசைந்தது. சின்னஞ்சிறு விரல்கள் ஒரு கொத்து வேப்பிலையை வெளியே தள்ளின. ருக்குமணி தரையில் படுத்து அவ்விரல்களைத் தன் விரல்களால் மூடினாள்.

"ஐயா..." என்றாள் உள்ளே கோமதி. "கை சூடா இருக்கு. எங்கம்மா கை மாதிரியே இருக்கு."

"அதுக்குத்தான் பயப்படணும் தாயி" என்றார் சொக்கநாதன். "இன்னும் கொஞ்சம் தள்ளு."

விரல்கள் நழுவி உள்ளே போயின. பிறகு, ருக்குமணி சொல்லிக்கொடுத்திருந்தபடியே, பிசகாமல், அடுத்த கொத்து வந்தது.